இடது காலின் குற்றம்

அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் ஒரு இடது காலோடு மல்லுக்கட்டினோம். கால் என் கணவன் அஸ்லாக்குடையது. மல்லுக்கட்டியது அவனும் நானும், எங்கள் பயிற்சியாளர் ஹல்வோரும்.

அஸ்லாக்குக்குக் கண் தெரியாது. இருபது வயதுக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, எங்கள் கல்யாணத்துக்கு முன்பே முழுதாகப் போய்விட்டது. அவன் ஸ்கீயில் ஓடும்போது நான் முன்னால் ஓடுவேன். என் இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, வாயருகே மைக். "ஹொப், ஹொப்" என்று நான் கத்திக்கொண்டே போக, குரல் வரும் திசையைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் வருவான். நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கத்துவதற்கு எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பனியில் இரட்டைத் தடம் பதித்த பாதை என்றால் கவலையே இல்லை. ஸ்கீகள் தடத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும், ரயில் மாதிரி போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்கேட்டிங் ஓட்டம் அப்படியில்லை. அகலமாகச் சமன் செய்த பனியில் வலது காலால் ஒரு உதை, இடது காலால் ஒரு உதை என்று பக்கவாட்டில் தள்ளித் தள்ளித்தான் முன்னேற வேண்டும். ஸ்கீயைப் பிடித்துவைக்க அங்கே எதுவும் கிடையாது. என் குரல்தான் அவனுக்குப் பாதை.

எத்தனையோ வருடமாக என் முதுகுக்குப் பின்னால் நூல் பிடித்தாற்போல் வந்தவன், அந்த நவம்பரில் முதல் பனி விழுந்ததும் இடது பக்கம் போக ஆரம்பித்தான். சமதரையில் கொஞ்சமாக, வேகம் கூடினால் அதிகமாக. திரும்பிப் பார்ப்பேன். பாதையோரப் பனிமேட்டில் இடுப்பளவு புதைந்து, பிர்ச் புதர்களைத் திட்டிக்கொண்டிருப்பான்.

பிப்ரவரியில் உலகப் போட்டிக்கான தேர்வு ஓட்டம் இருந்தது. ஸ்கேட்டிங். அவனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, இந்த முறை விட்டால் அடுத்த முறை யாரும் கூப்பிடப் போவதில்லை. அது போனால் போகட்டும் என்று நான் சொல்லிவிடுவேன், அவனால் முடியாது. கடையில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பான். தெருவில் வெள்ளைக் கோல். அவன் தங்கை கல்யாணத்தில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனை நாற்காலி வரைக்கும் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள், அன்று முழுவதும் அவன் யாரிடமும் பேசவில்லை. ஸ்கீயின் மேல் நிற்கும்போது மட்டும்தான் அவனை யாரும் தொடுவதில்லை. தொடக் கூடாது என்பது விதியும்கூட. வழிகாட்டியின் கை பட்டால் அந்த ஓட்டம் செல்லாது. அந்த விதியை அவன் வேதவாக்காக வைத்திருந்தான். மற்றவர்களுக்கு அது தடை, அவனுக்கு அதுதான் மரியாதை.

ஹல்வோர் இரண்டே நாளில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வலது கால் ஒழுங்கா உதைக்குது. அது உன்னை இடது பக்கம் தள்ளிவிடுது. திருப்பித் தள்ள வேண்டிய இடது கால் தூங்குது. அவ்வளவுதான் விஷயம்," என்றார்.

"எழுப்பிடலாம்ல?" என்றான் அஸ்லாக்.

"எழுப்பலாம். ஆனா செல்லமா எழுப்பினா எழுந்திருக்காது."

எங்கள் பள்ளத்தாக்கில் யார் எதற்கு விழுந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார்கள், பிறகு இடுப்பைப் பார்ப்பார்கள், இரண்டும் சரியாக இருந்தால் ஸ்கீயில் தடவிய மெழுகைப் பார்ப்பார்கள். அதற்குமேல் மனிதனுக்கு உறுப்பு இருப்பதாகவே யாருக்கும் நினைப்பு வராது. ஹல்வோர் நாற்பது வருடமாகப் பயிற்சியாளர். நானும் நடக்கிற வயதில் ஸ்கீ மாட்டியவள்தான். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆக, காலுக்குத் தண்டனை தொடங்கியது. கையில் பிடித்து ஊன்றும் கோல்கள் இல்லாமல் ஓட்டம். வலது ஸ்கீயைக் கழற்றிவிட்டு இடது ஸ்கீயில் மட்டும் ஓட்டம். இடுப்பில் ரப்பர் பட்டை கட்டி வலது பக்கமாக ஹல்வோர் இழுக்க, அதை எதிர்த்து நிற்பது. பல் தேய்ப்பது இடது காலில் நின்றபடி. காபி குடிப்பதும் இடது காலில் நின்றபடி. ஒருநாள் என் அம்மா வாஃபிள் கொண்டுவந்தவள், சமையலறையில் அவன் கொக்கு மாதிரி நிற்பதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்களுக்குள்ள ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். அவன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சொன்னதைவிட அதிகமாகவே செய்தான். இடது தொடை பருத்து, கால்சட்டை அந்தப் பக்கம் மட்டும் இறுக்கியது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரோரோஸ் நகரத்தில் ஒரு இயன்முறை மருத்துவர் இயந்திரத்தில் உட்காரவைத்து அளந்தார். இடது கால் வலதைவிட ஒரு துளி பலமாகவே இருந்தது. ஹல்வோர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மத்தியானமே அஸ்லாக் மறுபடியும் இடது பக்கப் பனிமேட்டில் போய் விழுந்தான்.

நான் நிதானமான பெண் இல்லை. வண்டியில் ஏறியதும் வெடித்துவிட்டேன்.

"நீ வேணும்னே பண்றியா அஸ்லாக்?"

"ஆமா. மூஞ்சி நெறைய பனி வாங்குறதுன்னா எனக்குக் கொள்ளைப் பிரியம்."

"கிண்டல் பண்ணாத. நான் முன்னாடி தொண்டை கிழியக் கத்திட்டுப் போறேன். நீ பாட்டுக்கு வேற எங்கயோ போற. என்னதான் பண்றதுன்னு எனக்குத் தெரியல."

"இன்னும் ஒரு வாரம் குடு. காலு வழிக்கு வந்துடும்."

இன்னும் ஒரு வாரம் என்பதைக் கேட்டுக் கேட்டு ஜனவரியும் வந்துவிட்டது. ஒரு சரிவில் மரத்தில் மோதி விலாவில் அடிபட்டுக்கொண்டான். இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு, மூச்சு இழுக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் இடது காலில் நின்றான். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கொட்டகைக்குப் போய் ஸ்கீக்கு மெழுகு தேய்க்கிற சாக்கில் அழுதேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்றே இல்லை. காட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். அவன் பத்தடி தள்ளி நின்று ஸ்கீ மாட்டிக்கொண்டிருந்தான். நான் வண்டிக்குள் கையுறையைத் தேடினேன்.

"என் கையுறை உன் பையிலயா இருக்கு?" என்று கேட்டேன்.

நான் இருந்தது அவனுக்கு வலது பக்கம். அவன் இடது பக்கம் திரும்பி, அங்கே இருந்த மரக் கழிப்பறையைப் பார்த்து, "மேல் ஜிப்புல பாரு," என்றான்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு வண்டிக் கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றேன்.

"அஸ்லாக், கோலை என் பக்கமா நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுன்னா நீட்டேன்."

இடது பக்கம் நீட்டினான். நான் அவனுக்கு நேர் முன்னால் போய் நின்று மறுபடி கேட்டேன். இடது பக்கம் நீட்டினான். பின்னால் போனேன். அப்போதும் இடது பக்கம். அவனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான் எங்கே நின்றாலும் அவனுக்கு நான் இடது பக்கத்தில்தான் இருந்தேன்.

கிட்டே போய் அவனுடைய இடது காதை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு, "நான் பேசறது கேக்குதா?" என்றேன். பதில் இல்லை. "அஸ்லாக்" என்றேன். வலது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினேன். அவன் முகம் மாறவே இல்லை. நான் எப்போது பேச ஆரம்பிப்பேன் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தான்.

கையை எடுத்தேன். அவன் அதற்குள் புரிந்துகொண்டுவிட்டான். ஸ்கீயோடு அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்போலேருந்து?" என்று கேட்டேன்.

"ஆகஸ்ட்டு. ஒருநாள் காலையில எழுந்தப்போ வலது காதுல தண்ணி போன மாதிரி அடைச்சிருந்துச்சு. சளின்னு நெனச்சேன். அடுத்த நாள் பயிற்சி முகாம். திரும்பி வந்தா சரியாயிருக்கும்னு பார்த்தேன்."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

"சாப்பாட்டு மேஜையில எடம் மாத்தி உட்கார்ந்தியே. ஜன்னல் காத்து ஆகலன்னு சொன்ன."

"ஆமா."

"மாசக்கணக்கா ஒத்தக் கால்ல நின்னு பல்லு தேச்சியேடா. விலாவ ஒடச்சிக்கிட்டு நின்னியே. எதுக்கு?"

அவன் கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"காலா இருந்தா சரி பண்ணிடலாம் இங்வில். காலுக்குப் பயிற்சி இருக்கு. காதுக்கு என்ன இருக்கு? ஹல்வோர் கால்னு சொன்னப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அப்ப அது காலாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். சொல்லச் சொல்ல நானே நம்பிட்டேன். பாதி நாள் நெஜமாவே கால்தான்னு நெனச்சேன்."

அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நான் பேசுவது கேட்கும் என்று யோசித்து உட்கார வேண்டியிருந்தது. எங்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ட்ரொண்ட்ஹைம் நகரத்தில் காது மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்தார். வலது காதின் நரம்பு செத்துவிட்டது, முதல் சில நாட்களுக்குள் வந்திருந்தால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம் என்றார். காரணம் தெரியவில்லை. இடது காது இப்போதைக்கு நன்றாக இருக்கிறது என்றார்.

"இப்போதைக்குன்னா?" என்று அஸ்லாக் கேட்டான்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். பிறகு, கேட்டவன் அவன்தானே என்று தோன்றியதோ என்னவோ, அவனிடமே சொன்னார். "அதுக்கு ஒண்ணும் ஆகாமலே போகலாம். ஆகவும் செய்யலாம். அடிக்கடி வந்து பாத்துக்கங்க. இதுக்கு மேல நான் சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்."

திரும்பி வரும்போது வண்டியில், "நல்லவேளை, நம்ம ஊர் வண்டியில ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கு. நீ பேசினா இந்தக் காதுல விழுது," என்றான். நான் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன். கண் போனவனுக்குக் காதும் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்பதைத்தான் வழி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இருக்கிறேன் என்பதே அவனுக்கு எப்படித் தெரியும்?

மெழுகுக் கொட்டகையில் வைத்து ஹல்வோரிடம் சொன்னோம். சூடான இஸ்திரியைக் கையில் வைத்துக்கொண்டு மெழுகு உருகி ஒழுகுவதுகூடத் தெரியாமல் நின்றார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இத்தனை நாள் உன் காலைப் போட்டுத் திட்டினேனேடா."

"அது பரவால்ல. காலு கோவிச்சுக்காது," என்றான் அஸ்லாக். "தேர்வு ஓட்டத்துக்கு என்ன வழின்னு சொல்லுங்க."

ஓடவே வேண்டாம் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லட்டும் என்று ஏங்கினேன். அந்தக் கிழவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "குரல் வர்ற தெசைய விட்டுடு. வார்த்தைய மட்டும் கேளு," என்றார். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

கடிகார முள்தான் வழி. நேர் முன்னால் என்றால் பன்னிரண்டு. கொஞ்சம் வலது என்றால் ஒன்று, கொஞ்சம் இடது என்றால் பதினொன்று. வளைவுகளில் எப்போதும் சொல்வதுதான். இப்போது மூச்சுக்கு மூச்சு சொல்ல வேண்டும், நான் பாதி நேரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். அவனுக்கு அதைவிடக் கஷ்டம். காது இடது என்னும், வார்த்தை வலது என்னும். உடம்பு காதைத்தான் நம்பும்.

"உன் குரல் ஒரு பக்கம் கூப்பிடுது. நீ சொல்றது இன்னொரு பக்கம் போகச் சொல்லுது," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. "கல்யாணம் ஆன நாள்லேருந்து இதேதான் நடக்குது."

"வாய மூடிட்டு ஓடு."

ஓடினான். விழுந்தான். மறுபடி ஓடினான். தேர்வுக்குச் சில நாள் முன்னால் ஏரியைச் சுற்றி ஒருமுறைகூட விழாமல் வந்தான். ஹல்வோர் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். மூன்று பேரும் சேர்ந்து பிழைத்துவிட்ட மாதிரி சிரித்தோம். அந்த நேரத்தில் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

தேர்வு நாளன்று கடும் குளிர், மூக்குமயிர் உறைந்தது. ஜோடி ஜோடியாக, இடைவெளிவிட்டு அனுப்பினார்கள். முதல் சுற்று நன்றாகப் போயிற்று. "பன்னிரண்டு, பன்னிரண்டு, ஒன்று, பன்னிரண்டு." அவன் ஸ்கீகள் என் பின்னால் ஒரே சீராகச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன. ஓரத்தில் நின்ற ஹல்வோர் நேரத்தைச் சொன்னார். தகுதி நேரத்துக்குள் இருந்தோம். திரும்பிப் பார்த்தேன், அஸ்லாக் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சுற்றில் பெரிய ஏற்றம் முடிந்து ஏரியை நோக்கி இறங்கும் நீண்ட சரிவு தொடங்கும் இடத்தில், பின்னால் இன்னொரு ஒலிபெருக்கி கேட்டது. ஸீவெர்ட் என்ற கண் தெரியாத இளைஞனும் அவன் வழிகாட்டியான தீரில் என்ற பெண்ணும். எங்களைவிட வேகமான ஜோடி. இடது பக்கமாக முந்த வந்தார்கள். அதில் தப்பே இல்லை, பாதை அகலமாகத்தான் இருந்தது.

"பன்னிரண்டு," என்று நான் கத்தினேன். "பதினொன்று," என்று தீரில் தன் ஆளுக்குக் கத்தினாள். இரண்டு பெண் குரல், இரண்டு ஒலிபெருக்கி, அவனுக்கு இருப்பதோ ஒரே காது. அஸ்லாக் பதினொன்றுக்குத் திரும்பினான். ஸீவெர்ட்டின் ஸ்கீமேல் ஏறப் போனான்.

"நில்லு. அஸ்லாக், நில்லு."

நின்றுவிட்டான். ஸ்கீகளைக் குறுக்கே போட்டுச் சரிவின் விளிம்பில் நின்றான். அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். தீரிலின் குரல் கீழே தேய்ந்து மறைந்தது. பாதையில் எங்களைத் தவிர ஒரு நடுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"நான் இங்கதான் இருக்கேன். வா, போலாம்."

தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"எங்க இருக்க?"

"உனக்கு முன்னாடிதான். பன்னிரண்டு."

"பன்னிரண்டு எங்க இருக்கு?"

நின்ற இடத்தில் எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்பதையே அவன் தொலைத்துவிட்டிருந்தான். கொஞ்சம் வலது பக்கம் திரும்பு, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொல்லித் திருப்பியிருக்கலாம். நேரம் கொஞ்சம் போயிருக்கும். நேரம் இன்னும் கையில் இருந்தது. எனக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். சொல்லவும் ஆரம்பித்தேன்.

அவன் மணிக்கட்டிலிருந்து கோலின் வாரை அவிழ்த்தான். கையுறையைக் கழற்றினான். வெறுங்கையை நீட்டினான். நான் இருந்த பக்கம் இல்லை, மரங்கள் இருந்த பக்கம்.

"கையக் குடு இங்வில்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு. பயமா இருக்கு. கையக் குடு."

இத்தனை வருடத்தில் ஸ்கீயின் மேல் நின்றுகொண்டு அவன் அதைக் கேட்டதில்லை. பக்கவாட்டில் நகர்ந்து போய், மரங்களைப் பார்த்து நீண்டிருந்த அந்தக் கையைப் பிடித்தேன். பனிக்கட்டியாக இருந்தது. நடுவர் எங்களைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்து வாக்கி-டாக்கியில் எங்கள் எண்ணைச் சொன்னார். இரண்டு பேர் ஸ்கீயையும் நானே கழற்றினேன். தோளில் போட்டுக்கொண்டு அவனுடைய இடது பக்கமாக வந்து, பாதையோரமாகக் கீழே நடக்க ஆரம்பித்தோம்.

"பேசிட்டே வா," என்றான்.

"என்ன பேச?"

"எதையாவது பேசு. மரமெல்லாம் எப்படி இருக்குன்னு சொல்லு."

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து இழுத்தது. அழுவது அவனுக்குத் தெரிய வேண்டாமென்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். என் பூட்ஸும் அவன் பூட்ஸும் புதுப்பனியில் சத்தமில்லாமல் புதைந்துகொண்டிருந்தன.

சட்டென்று நின்றான். என் விரல்கள் நொறுங்குகிற மாதிரி பிடித்தான்.

"இங்வில், நீ பேசிட்டுதான் இருக்கியா? எனக்குத்தான் கேக்கலையா?"

"இல்ல, இல்ல. நான் இன்னும் பேசல," என்றேன். "இதோ பேசறேன். மரத்துல எல்லாம் நெறைய பனி இருக்கு."